கடற்படை ரைட்டர் வேலையிலிருந்து ஹோட்டல் மனிதவளப் பிரிவுக்கு

கடற்படையிலிருந்து பென்ஷனோடு வெளியே வருகிறவனைத் திருகோணமலையில் முதலில் தேடி வருவது செக்யூரிட்டி வேலைதான். துவக்கு பிடித்தவனா, பேனை பிடித்தவனா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. "நேவியில இருந்தீங்களா? அப்ப எங்கட கேட்டுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும்" என்பார்கள். எனக்கும் அப்படி அழைப்புகள் வந்தன. சம்பளமும் மோசமில்லை. ஆனால் நான் ரைட்டர் பிரிவில் இருந்தவன். டொக்யார்ட் என்று சொல்கிற கடற்படைத் தளத்துக்குள் என் காலத்தில் பெரும்பகுதி ஒரு மேசைக்குப் பின்னால்தான் கழிந்தது. லீவு, சம்பளப் பட்டியல், இடமாற்றம், பதவி உயர்வு, தண்டனைப் பதிவு, கல்யாணம் முடித்தவரின் பெயர் மாற்றம், பிள்ளை பிறந்தவரின் பதிவு, உயிரிழந்தவரின் குடும்பத்துக்குப் போகவேண்டிய கடிதங்கள் என்று ஒரு மாலுமியின் வாழ்க்கையில் கடதாசியாக மாறுகிற எல்லாமே எங்கள் கையால்தான் போகும். இவ்வளவும் தெரிந்துகொண்டு கேட்டில் நின்று வாகன இலக்கம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாலுமிகளுக்கு 22 வருடச் சேவை முடிந்தால் ஓய்வூதியம். இருபது வயதுக்குள் சேர்ந்தவன் நாற்பதைத் தாண்டிய கையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறான். பிள்ளைகள் அப்போதுதான் ஓ.எல். படிக்கும். வீட்டுக் கடனும் முடிந்திருக்காது. அதனால் இரண்டாவது வேலையைப் பற்றிச் சேவையில் இருக்கும்போதே யோசிக்க வேண்டும். எனக்கு வேலை கிடைத்தது நிலாவெளிப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில். பதவியின் பெயர் மனிதவள உத்தியோகத்தர். எனக்கு மேலே முகாமையாளர், அவருக்கு மேலே முதலாளி. மனிதவளப் பிரிவு என்றால் நானும் ஒரு கொம்பியூட்டரும்தான்.

நேர்முகத்தில் முகாமையாளர் கேட்ட ஒரு கேள்வியை இன்னும் மறக்கவில்லை. "ஒரு வெயிட்டர் நாளைக்கு வேலைக்கு வராமல் விட்டால் என்ன செய்வீங்க?" கடற்படையில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். லீவு முடிந்து திரும்பாதவன் சட்டப்படி குற்றவாளி. பதிவு போடலாம், பொலிஸுக்கு அறிவிக்கலாம், பிடித்துவந்தால் விசாரிக்கலாம். எத்தனையோ பேருக்கு அந்தக் கடதாசிகளை நானே தயாரித்திருக்கிறேன். ஹோட்டலில் என்ன செய்வது? கடைசியாகத் தந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடலாம். இந்தத் திகதிக்குள் வேலைக்குச் சமுகமளிக்காவிட்டால் தாமாகவே பதவியை விட்டுச் சென்றதாகக் கருதப்படும் என்று எழுதலாம். அவ்வளவுதான். அந்த நேரம் அவன் ஹிக்கடுவையில் வேறொரு ஹோட்டலில் தட்டுத் தூக்கிக்கொண்டிருப்பான்.

படை நிர்வாகத்துக்கும் வெளியுலக மனிதவளத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது என்று நான் நினைக்கிறேன். உள்ளே ஆள் நினைத்த நேரத்தில் போக முடியாது. ஆகவே அவரைத் தேடிப் பிடிப்பதும், சம்பளம் நிர்ணயிப்பதும், போகாமல் வைத்திருப்பதும் ரைட்டரின் தலையில் இல்லை. ஆட்சேர்ப்பு வேறிடத்தில் நடக்கும், சம்பள அளவுத்திட்டம் மேலேயிருந்து வரும். நமக்கு வந்து சேர்கிற ஆளைக் கணக்கில் எடுத்து, கணக்கிலிருந்து விடுவிப்பது வரைதான் நம் வேலை. வெளியே வந்தால் முதல் நாளிலிருந்தே, இவர் நாளைக்குப் போய்விடலாம் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு கடிதத்தையும் எழுத வேண்டும்.

அதிலும் எங்கள் ஊர் ஹோட்டல் தொழிலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. வாடைக்காற்று தொடங்கி மழை வந்தால் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு போகாது, அறைகள் காலியாகும். அதே நேரத்தில் தெற்கே உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் சீசன் தொடங்கும். ஹோட்டல் ஊழியரின் அடிப்படைச் சம்பளம் பெரிதாக இருக்காது. பில்லில் போடுகிற பத்து வீத சேர்விஸ் சார்ஜில் வருகிற பங்குதான் வீட்டை ஓட்டும். அறை காலியானால் அந்தப் பங்கும் போச்சு. எனவே நல்ல சமையல்காரர், நல்ல பார்மன் எல்லாம் நவம்பரில் தெற்குக்குக் கிளம்பிவிடுவார்கள். சிலர் ஏப்ரலில் திரும்புவார்கள், சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள், இன்னும் சிலர் கட்டாருக்கோ டுபாய்க்கோ போய்விடுவார்கள். உத்தரவு போட்டு ஒருவரையும் நிறுத்த முடியாது.

முதலாளிக்கு இதில் வேறொரு கணக்கு. மழைக்காலம் வந்தால் பாதிப் பேரை நிறுத்திவிட்டுச் சீசனுக்குத் திரும்ப எடுக்கலாமே என்றார். அங்கேதான் நான் சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டிவந்தது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இது. கடற்படையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரியாது, ஏனென்றால் நமக்கு அது பொருந்தவில்லை. வெளியே சின்ன, நடுத்தர நிறுவனங்களை நடத்துகிற பலருக்கும் தெரியாது என்பதை வேலையில் சேர்ந்த பிறகுதான் கண்டேன்.

கடைசியில் நாங்கள் கண்ட வழி இது. சீசன் முடிவதற்கு முன்பே, செப்டெம்பரில், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். தெற்குக்குப் போக விரும்புகிறவர் இராஜினாமாச் செய்யாமல், நிர்வாகத்தின் சம்மதத்தோடு சம்பளமில்லா லீவில் போகலாம், திரும்பி வரவேண்டிய திகதி கடிதத்திலேயே இருக்கும். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "என்னுடைய ஆள் இன்னொருத்தனுக்கு வேலை செய்யிறதுக்கு நான் கையெழுத்து வைக்கிறதா?" என்று கேட்டார். கையெழுத்து வைக்காவிட்டாலும் போகத்தான் போகிறார்கள், வைத்தால் திரும்பி வருவார்கள் என்றேன். ஊழியரின் பக்கத்தில் இதைப் பணிக்கொடையை வைத்து விளக்குவேன். ஐந்து வருடம் பூர்த்தியான ஒருவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம் உண்டு. எட்டு வருடம் இருந்து, கடைசிச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் 200,000 ரூபாய். வருடா வருடம் விலகி விலகிச் சேர்ந்தால் ஐந்து வருடம் எப்போதுமே பூர்த்தியாகாது. இப்படி எண்ணில் சொன்னால் இளம் பொடியன்களும் நின்று கேட்பார்கள். எல்லோரும் திரும்பி வருகிறார்கள் என்று சொல்லமாட்டேன். குசினியில் தலைமைச் சமையல்காரரும் அவருக்குக் கீழே இருப்பவரும் திரும்பி வந்தாலே எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

சட்ட அறிவைப் பொறுத்தவரை, படையிலிருந்து வருகிறவர் கையில் வைத்திருக்க வேண்டியது பெரிய நூலகமல்ல. 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம், சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1980இன் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டம், 1983இன் பணிக்கொடைச் சட்டம், மகப்பேற்று நன்மைகள் பற்றிய ஏற்பாடுகள், நான் மேலே சொன்ன 1971ஆம் ஆண்டுச் சட்டம். இவ்வளவையும் ஓரளவுக்கு விளங்கினால் தொழில் திணைக்களத்திலிருந்து உத்தியோகத்தர் வரும்போது கை நடுங்காது. ஹோட்டல் தொழிலுக்கென்று தனிச் சம்பளச் சபை இருக்கிறது, அதன் தீர்மானங்களையும் பார்க்க வேண்டும். சேமலாப நிதிக் கணக்கு சுலபம். சம்பளம் 40,000 என்றால் ஊழியரிடமிருந்து 8 வீதம், 3,200. நிறுவனம் போடவேண்டியது 12 வீதம், 4,800. நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் மட்டும் 3 வீதம், 1,200. ஊழியரின் சம்பளத்தில் அந்த மூன்று வீதத்தை வெட்டக்கூடாது. அடுத்த மாதம் முடிவதற்குள் பணம் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணம் ஏறும்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தையும் சொல்ல வேண்டும். நீண்ட வார இறுதியோடு போயா வந்தால் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் கோணேஸ்வரத்துக்கும் நிலாவெளிக்கும் வருவார்கள். பார் மூடியிருந்தாலும் அறை ஒன்றும் மிஞ்சாது. அன்றைக்கு வேலை செய்கிறவருக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது 1971இன் விடுமுறைச் சட்டம். கடற்படையில் போயாவும் வெள்ளியும் ஞாயிறும் டியூட்டி போட்டால் டியூட்டிதான். அந்தப் பழக்கத்தோடு வந்தால் ரோஸ்டர் சரியாக இருக்கும், சம்பளப் பட்டியல் பிழைத்துவிடும்.

சரி, அங்கே கற்றதில் இங்கே அப்படியே உதவுவது என்ன? பதிவு வைக்கும் பழக்கம் முதலாவது. ஒரு ஃபைலைத் திறந்தால் ஆளின் முழுச் சரித்திரமும் திகதி வரிசையில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது. நான் சேர்ந்தபோது ஹோட்டலில் சிலருடைய நியமனக் கடிதத்தின் பிரதியே இல்லை. அடையாள அட்டைப் பிரதி ஒரு அலுமாரியில், வங்கிக் கணக்கு இலக்கம் கணக்காளரின் நோட்டுப் புத்தகத்தில். இதைச் சரிசெய்ய எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை. இரகசியம் காக்கும் பழக்கம் இரண்டாவது. யாருடைய சம்பளம் எவ்வளவு, யாருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது என்று தேநீர் நேரத்தில் கதைக்காத ஒரு ஆள் அந்த இடத்துக்கு மிகவும் தேவைப்பட்டார்.

ஆனால் நான் கொண்டுவந்ததில் அதிகம் பயன்பட்டது விசாரணை முறைதான். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். படை என்றால் கத்திவிட்டுத் தண்டிப்பார்கள் என்றுதான் வெளியே நினைப்பு. உண்மையில் கட்டளை அதிகாரியின் மேசைக்கு முன்னால் ஒரு மாலுமி நிறுத்தப்பட்டால் குற்றச்சாட்டு வாசிக்கப்படும், அவனைப் பேசவிடுவார்கள், அவனுக்குப் பொறுப்பான டிவிஷனல் ஒபிசர் அவனைப் பற்றி, அவன் வேலையைப் பற்றி, வீட்டு நிலையைப் பற்றிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. வெளியேதான் பல இடங்களில் "நாளைக்கு வராதே" என்ற ஒரே வசனத்தில் எல்லாம் முடிகிறது.

ஹோட்டலில் ஒருமுறை குசினிப் பொடியன் ஒருவன் வீட்டுக்குப் போகும்போது பையில் மீன் இருந்தது. கேட்டில் பிடித்துவிட்டார்கள். முதலாளி அன்றிரவே அனுப்பிவிடச் சொன்னார். நான் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் எழுத்தில் விளக்கம் கேட்டேன், பதில் எழுத நாள் கொடுத்தேன், அவனுக்குத் தமிழில் வாசிக்கத்தான் வரும் என்பதால் தமிழில் கொடுத்தேன். விசாரணையில் வேறு பகுதியைச் சேர்ந்த ஒரு மேற்பார்வையாளரை இருத்தினேன். குசினிப் பொறுப்பாளரை, அவர்தான் முறைப்பாட்டுக்காரர் என்பதால், தீர்மானிக்கிற இடத்தில் வைக்கவில்லை. டிவிஷனல் ஒபிசர் வேலையை யாராவது செய்ய வேண்டுமே என்று அவனுடைய ஷிப்டில் இருந்த மூத்தவர் ஒருவரைப் பேசவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு விஷயம் வெளியே வந்தது. எஞ்சிய மீனைக் கொண்டுபோகலாம் என்று முன்பிருந்த பொறுப்பாளர் வாயால் அனுமதித்திருக்கிறார், புதியவர் வந்த பிறகு அதை நிறுத்தியதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அந்தக் கிழமையே மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல் குசினிச் சுவரில் ஏறியது. ஒழுக்காற்றுக் காரணத்துக்காகவே ஒருவரை நிறுத்தினாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதலாளி சொன்னபடி அன்றிரவே அனுப்பி, அந்தப் பொடியன் தொழில் நியாய சபைக்குப் போயிருந்தால் எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்திருக்காது.

நேவிக்காரன் என்ற பெயர் இந்த ஊரில் இலேசான பெயரல்ல. யுத்த காலத்தில் கடலுக்குப் போவதற்கே கட்டுப்பாடு இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் ஹோட்டலில் வேலை செய்கிறார்கள். நான் கிண்ணியாவில் பிறந்து வளர்ந்த தமிழ் பேசுகிறவன் என்றாலும் முதல் மாதங்களில் சிலர் என்னோடு அளந்துதான் கதைத்தார்கள். அதைப் பேசித் தீர்க்கப் போகக்கூடாது என்பது என் எண்ணம். சம்பளம் சரியாக வந்து, லீவு கேட்டால் நியாயமான பதில் கிடைத்து, சம்பளச் சீட்டில் விளங்காததை உட்கார்ந்து விளக்கினால் காலப்போக்கில் இறுக்கம் தளரும். உத்தரவுத் தொனியை மட்டும் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். என் மனைவியே சொல்லுவாள், "நீங்க சாதாரணமாக் கேட்டாலும் அதட்டுற மாதிரித்தான் இருக்கு" என்று. வீட்டில் திருந்தினேனோ தெரியாது, ஹோட்டலில் திருந்தினேன்.

கடற்படை தந்த சிங்களம் இங்கே பெரிய சொத்து. கந்தளாய், சேருவிலப் பக்கத்திலிருந்து சிங்களப் பிள்ளைகள், கிண்ணியா, மூதூரிலிருந்து முஸ்லிம் பிள்ளைகள், உப்புவெளி, சாம்பல்தீவிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள். ஒரே ரோஸ்டரில் வெள்ளி ஜும்ஆவையும், நோன்பு மாதத்து நோன்பு திறக்கும் நேரத்தையும், தைப்பொங்கலையும், ஏப்ரல் புத்தாண்டையும் பொருத்த வேண்டும். ஏப்ரல் புத்தாண்டு சீசனுக்கு முந்திய கடைசி விடுமுறை என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போகக் கேட்பார்கள். மார்ச் மாதமே பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டால் அரைச் சண்டை குறையும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்களை இரவு ஷிப்டுக்கு எடுப்பது சாத்தியமாயிற்று. அதற்கு முன்பு பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகை நம்பியிருந்த காலம். ஆனாலும் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதென்றால் வீட்டு வாசல்வரை வான் போக வேண்டும். வாப்பாமார் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, வானைத்தான்.

இப்போது சேவையில் இருக்கும் தம்பிமார் லீவில் வரும்போது, "நானா, நாங்களும் இந்தப் பக்கம் வரலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் காட்டுகிற சுயவிவரக் கோவைகளில் பதக்கமும் பயிற்சி நெறியின் பெயர்களும்தான் நிறைந்திருக்கின்றன. நிறுவனக்காரருக்கு அது ஒன்றும் விளங்காது. எத்தனை பேருடைய ஆளணிப் பதிவைப் பார்த்தீர்கள், சம்பளப் பட்டியல் தயாரித்தீர்களா, விசாரணைக் குறிப்பு எழுதினீர்களா, எந்த மென்பொருள் தெரியும் என்று எழுதுங்கள். முகாம் விவரங்களையும் ஆள் கணக்கையும் துல்லியமாகப் போடாதீர்கள், "சில நூறு பேர்" என்றால் போதும். வெளியே வருவதற்கு முன்பே ஏதாவது ஒரு தொழில்சார் சான்றிதழை முடித்துவிட்டால் நல்லது. 1959இல் தொடங்கிய, இன்று சிஐபிஎம் என்று எல்லோரும் சொல்கிற ஆளணி முகாமைத்துவ நிறுவனத்தின் மனிதவளப் பாடநெறிகளைப் பல நிறுவனங்கள் மதிக்கின்றன. எனக்கு அங்கே படித்ததில் ஆட்சேர்ப்பும் செயல்திறன் மதிப்பீடும்தான் புதிது. மற்றதை வேறு பெயரில் முன்பே செய்திருந்தேன்.

கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகள், துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஒப்பந்தக்காரர்கள், ஹோட்டல்கள், தனியார் வைத்தியசாலைகள் என்று ஆள் நூறைத் தொடுகிற எந்த இடத்திலும் இந்த வேலைக்கு ஒருவர் தேவைப்படுகிறார். பல இடங்களில் அதைக் கணக்காளர்தான் அரைகுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சம்பளப் பேச்சுத்தான் நம்மவர்களுக்குச் சிரமம். வாழ்நாளில் பேரம் பேசிப் பழக்கமில்லை, அளவுத்திட்டம் என்ன சொல்கிறதோ அதுதான் என்று இருந்தவர்கள். இதைத் தெரிந்துகொண்டு எதிரில் இருப்பவர் கட்டாயம் ஒரு வசனம் சொல்வார்: "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே." எனக்கும் சொன்னார்கள். பென்ஷன் நான் செய்து முடித்த வேலைக்கு, நீங்கள் தரப்போவது இனிச் செய்யப்போகிற வேலைக்கு, இதே வேலையை பென்ஷன் இல்லாத ஒருவர் செய்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். முகாமையாளர் முதலாளியைப் பார்த்தார். முதலில் சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் ஏற்றினார்கள். நான் கேட்ட அளவுக்கு வரவில்லை. சீசன் முடிந்து மறுபடி பேசலாம் என்றார்கள். சரி, அதை நியமனக் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள் என்றேன். சேர்த்தார்கள். ஒக்டோபரில் அந்த வரியைக் காட்டித்தான் போய் உட்கார்ந்தேன்.